அப்போடெக்கில் விசாரித்த சுகம்

போன கிழமை இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்தேன். சிரிக்கவென்று பகிடி தேடி வாராவாரம் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கையில் பகிடி எதுவும் இல்லை.

இறந்தவர் நேசன் அண்ணை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு என்றால் சபையில் முதல் வரிசை. நோய் வருத்தம் என்று படுத்த மனிதரே அல்ல. பிரஷருக்கு மட்டும் தினமும் ஒரு குளிசை, அவ்வளவுதான்.

அந்தக் குளிசையை அவர் கடைசியாக வாங்கிய அன்று நானும் அதே அப்போடெக்கில், அதாவது மருந்துக்கடையில், கையில் நம்பர் துண்டோடு அவருக்குப் பின்னால் நின்றேன்.

டொக்டர் எழுதித் தந்திருந்த ரெசெப்ட் முடிந்துவிட்டது. வழக்கமான டொக்டர் லீவு, இருமல் மருந்து எழுதி வாங்கவே இங்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், பிரஷர் குளிசைக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் இப்போது ஒரு வசதி இருக்கிறது. டொக்டர் முன்பே எழுதிய சில மருந்துகளை, அதற்கென்று படித்த மருந்தாளரே ஒரு சின்னப் பெட்டி அளவுக்குத் திரும்ப எழுதித் தரலாம். டொக்டருக்கும் தகவல் போய்விடும். ஒரே ஒரு நிபந்தனை... மருந்து உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

நல்ல ஏற்பாடு. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

கவுண்டரில் நின்ற மருந்தாளர் எங்கள் தமிழ்ப் பிள்ளை, சிந்து. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிறவள்தான். ஆனால் நேசன் அண்ணையைக் கண்டதும் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறினாள். பிரஷரை அளந்தாள். கணினித் திரையில் டேனிஷில் இருந்த கேள்வியைப் பார்த்தாள். மனதுக்குள் மொழிபெயர்த்தாள்.

“மாமா, சுகமா இருக்கிறியளோ? மருந்தால ஒண்டும் இல்லையே?”

“ஓம் பிள்ளை, கர்த்தர் கிருபையால நல்ல சுகம். அப்பா அம்மா சுகமோ?”

“ஓம், சுகம்.”

முடிந்தது. பெட்டி கைக்கு வந்தது. நேசன் அண்ணை என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களே தம்பி, எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது பிள்ளை!” என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பக்கத்துக் கவுண்டரில் ஒரு டேனிஷ் கிழவியிடம் இன்னொரு மருந்தாளர் இதே கேள்வியை டேனிஷில் கேட்டுக்கொண்டிருந்தார். கிழவி முழங்கையை மேசையில் ஊன்றி, இருமலில் தொடங்கிக் கால் நகம் வரைக்கும் முறைப்பாடு சொன்னார். ‘இந்த மனுசிக்கு வேறு வேலை இல்லையா?’ என்று எனக்கு எரிச்சல் வந்தது.

வேலை அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை. சபைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது நேசன் அண்ணையின் நாக்கும் தொண்டையும் வீங்கின. மூச்சு விட முடியவில்லை. அம்புலன்ஸ் வேகமாகத்தான் வந்தது. ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் குளிசை அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்யுமாம். வருடக்கணக்கில் ஒத்துப்போய்விட்டுத் திடீரென்று ஒருநாள் செய்யுமாம். வருகிறதற்கு முன்னால் சிலவேளை எச்சரிக்கையும் தருமாம் என்று ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள்.

எச்சரிக்கை தந்துதான் இருந்தது, உதட்டில். அவருடைய மனைவி ராஜி அக்கா ஆஸ்பத்திரிக் கொரிடோரில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அப்போடெக்குக்குப் போறதுக்கு முதலே சொண்டு ரெண்டு தரம் வீங்கி வத்தினது தம்பி. இறால் ஒத்துக்கொள்ளேல்லை எண்டெல்லோ நினைச்சம்.”

இறாலை நிறுத்தினார். குளிசையை நிறுத்தவில்லை.

அப்படியென்றால் சிந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை? மொழி தெரியாமலா? தொழிற்சாலையில் ஃபோர்மனோடு டேனிஷில் சண்டை பிடிக்கிற மனிதர் அவர். ‘வீக்கம் இருக்கிறதா?’ என்று டேனிஷில் கேட்டிருந்தால், ‘ஓம், சொண்டு வீங்கினது’ என்று டேனிஷிலேயே சொல்லியிருப்பார். அவளோ தமிழில் ‘சுகமா’ என்று தொடங்கி, ‘ஒண்டும் இல்லையே’ என்று முடித்தாள். அவர் காதில் அது கேள்வியாகவே விழவில்லை. வணக்கமாக விழுந்தது.

‘சுகமா’ என்றால் ‘சுகம்’. எங்களுக்கு வேறு பதில் தெரியுமா? காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் அதைத்தான் சொல்லுவோம். தப்பித்தவறி உண்மையைச் சொன்னால், பின்னேரத்துக்குள் எஸ்பியர்க் நகரம் வரைக்கும் கதை போய், “அவருக்கு இனிச் சரிவராதாம்” என்று முடித்துவைத்துவிடுவார்கள்.

சிந்துவின் மேல் பிழை இல்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். கேட்க வேண்டியதைக் கேட்டாள், கிடைத்த பதிலைப் பதிந்தாள். சட்டப்படி எல்லாம் சரி... ஆனால் அவள் வேலைக்குப் போகவில்லை. சொண்டு வீங்கிய கதை அவளுக்கும் எட்டிவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் வாசலிலேயே நின்றாள். சமையலறைப் பக்கம் குசுகுசுப்பு எழுந்தது. குசுகுசுத்தவர்களை எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் ராஜி அக்கா எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடித்தார். காலையிலிருந்து அழுதபடியே இருந்தவர். அந்த நிலையிலும் பழக்கதோஷத்தில் வாயில் அதே வார்த்தைதான் வந்தது.

“வா பிள்ளை... சுகமா இருக்கிறியோ?”

சிந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்லை மாமி.”

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களில் ஒருவர் உண்மையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.