கிம்பரைப் போல் இருமுகிறவர்

கிம்பர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டெஸ்மண்ட் ஆல்சப் இருமுகிறார். முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கிம்பரின் இருமல் அப்படித்தான் இரண்டு தவணையாக வரும். கிம்பரோ மனைவியோடு ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். ஆனால் அது எந்தத் திருடனுக்கும் தெரியக் கூடாது.

ஆகஸ்ட் பிறந்தால் லாரல் முட்டுச்சந்தில் பாதி வீடு காலி. ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் சாவியை டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அத்தனையையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிக்கொள்வார். அவர் நடந்து வந்தால் சலங்கை கட்டின மாடு வருகிற மாதிரி இருக்கும். செடிக்குத் தண்ணீர், பூனைக்குச் சோறு என்று மற்றவர்கள் செய்வதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பார். ஆகவே அந்தந்த வீட்டு ஆளாகவே இருந்துவிட்டு வருவார்.

லோமக்ஸ் தம்பதிக்கு வெள்ளிக்கிழமைதோறும் சண்டை. அவர்கள் ஊரில் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சண்டையையும் டெஸ்மண்டே இரண்டு குரலில் போடுவார்.

"ரிமோட்ட எங்கடி வெச்ச?"

"அது மேலதான உக்காந்திருக்க நீ."

தெருவில் நாயோடு போகிறவர்கள், பாவம், இவர்கள் இன்னும் திருந்தவில்லையே என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். அந்த முட்டுச்சந்தில் இதுவரை களவு போனது ஒரே ஒரு சைக்கிள். அதுவும் பிறகு சொந்தக்காரர் கொட்டகையிலேயே கிடைத்தது. அதைச் சொன்னால் டெஸ்மண்டுக்குக் கோபம் வரும். "நான் பாத்துக்கறதாலதான் போகல" என்பார்.

திரைச்சீலைக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் நாலு விரல் இடைவெளி. முழுக்க மூடினால் ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்வது. முழுக்கத் திறந்தால் அது முட்டாள்தனம். எதிர்வீட்டு மிஸஸ் பெக் ஒருமுறை உதவிக்கு வந்து திரையை இறுக்கி மூடிவிட்டார். அத்தோடு அவரை ஒதுக்கி வைத்தாயிற்று. நம்பிச் சாவி கொடுக்க வேறு ஆளும் இல்லை. அதனால் டெஸ்மண்ட் மட்டும் எந்த ஊருக்கும் போனதில்லை. அவர் போகாததால் மனைவி சில்வியாவும் போனதில்லை.

கடல் என்ன கண்காணாத தேசத்திலா இருக்கிறது? க்ரோமருக்கு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். சில்வியாவுக்கு இலையுதிர் காலத்தில் முட்டியில் ஆபரேஷன். அதற்கு முன் மணலில் ஒருமுறை வெறுங்காலோடு நடந்துவிட வேண்டும் என்று ஆசை. "நாம போனா நம்ம வீட்ட யாரு பாக்கறது?" என்று டெஸ்மண்ட் வழக்கம்போல் கேட்டார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்மண்ட் கிம்பராக இருந்தபோது வாசலில் யாரோ தட்டினார்கள். தபால் போடுகிற இடுக்கு வழியாகக் குரல் வந்தது. சில்வியாவின் குரல்.

"கிம்பர் சார், உள்ள இருக்கீங்களா?"

வெளியே யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ? டெஸ்மண்ட் இரண்டு தவணையாக இருமினார்.

"கதவத் திறக்க வேணாம், உக்காருங்க. எங்க வீட்டுக்காரரப் பாத்தா ஒரு வார்த்த சொல்லிடுங்க. நாளைக்குக் காலம்பற பஸ்ஸுல க்ரோமர் போறேன். ரெண்டு சீட்டு எடுத்திருக்கேன். அவரு வரலன்னா பக்கத்து சீட்டுல பெட்டிய வெச்சுக்குவேன்."

"சொல்றேம்மா," என்றார் டெஸ்மண்ட், கிம்பரின் தடித்த குரலில். மனசு கேட்காமல், "அவரு நல்ல மனுஷன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன்தான் சார். எல்லார் வீட்டுலயும் இருக்காரு. எங்க வீட்டுலதான் இல்ல."

அவள் நொண்டிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து டெஸ்மண்டும் கிளம்பினார். தெருவில் நின்று பார்த்தார். காலி வீடுகள் எல்லாம் விளக்கும் ரேடியோவுமாகக் களைகட்டியிருந்தன. ஒரே ஒரு வீடு மட்டும் திரை மூடி இருட்டாகக் கிடந்தது. ஆள் இல்லாத வீடு என்று எந்தத் திருடனும் சொல்லிவிடுவான். அது அவர் வீடு.

சில்வியா பின்கட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிம்பர் ஏதோ சொன்னாரு," என்றார்.

"என்ன சொன்னாரு?"

"ஏதோ பஸ்ஸாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"அத கிம்பர்கிட்டயே சொல்லிடு," என்று அவள் பெட்டியை மூடினாள்.

காலையில் டெஸ்மண்ட் மிஸஸ் பெக்கின் கதவைத் தட்டி, இடுப்பு வளையத்தைக் கழற்றி நீட்டினார். தன் வீட்டுச் சாவியையும் அதில் கோத்திருந்தார். அடிபட்ட மனுஷன் மாதிரி முகம்.

"நாலு விரல்," என்றார். "கிம்பருக்கு ரெண்டு இருமல். நடுவுல ஒரு மூச்சு விடணும். எங்க, இருமுங்க பாப்போம்."

மிஸஸ் பெக் இருமிக் காட்டினார்.

"பரவால்ல. லோமக்ஸ் சண்டை..."

"அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். பஸ்ஸ விட்றாதீங்க, போங்க."

பஸ்ஸில் சில்வியா பக்கத்து சீட்டிலிருந்து பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள். அலை வந்து காலில் பட்டபோதெல்லாம் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். நடுநடுவே அவர் கை மட்டும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் விடுதி அறையில் அவர் பழக்கதோஷத்தில் எழுந்து விளக்கைப் போட்டார். ஜன்னல் திரையை இழுத்து, சரியாக நாலு விரல் விட்டார். ஒருமுறை இருமினார்.

கட்டிலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்த சில்வியா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு, கிம்பரா?"

டெஸ்மண்ட் திரையைப் பிடித்தபடி வெளியே பார்த்தார். அந்த நாலு விரலில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. பிறகு இரண்டு கையாலும் திரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முழுக்கத் தள்ளித் திறந்தார்.