வெளுத்த நீலச் சட்டை

இன்று சட்டையை இஸ்திரி போடும்போது சூடு அதிகமாகி, பிளாஸ்டிக் கருகுவதுபோல் நாற்றம் கிளம்பியதும், ரெட்டியார்பாளையத்தில் முன்பு இருந்த கட்பீஸ் கடை நினைவுக்கு வந்தது.

தங்கச்சி பள்ளியில் சேர்ந்த வருஷம் அது. அவளுக்கு உடம்பெல்லாம் கரப்பான். சுத்தமான காட்டன் தவிர எது பட்டாலும் ரத்தம் வரச் சொறிவாள். பள்ளியில் கொடுத்த சீருடைத் துணியோ பாலியஸ்டர் கலந்தது. அதே நீலத்தில் காட்டன் தேடித்தான் அம்மா எங்களை அங்கே கூட்டிப் போனாள்.

"எல்லாம் பியூர் காட்டன்தாம்மா," என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்ணா, ஒரு நூல கொளுத்திப் பாத்துடறேன்."

அவர் ஒவ்வொரு துணியாக எடுத்துப் போட, அம்மா ஓரத்தில் நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். அது அதே நாற்றத்தோடு உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும்போதெல்லாம், பாலியஸ்டர் என்று அந்தத் துணியைத் தள்ளி வைத்தாள்; தங்கச்சியோ கழுத்தைச் சொறிந்தபடியே நின்றாள். கடைசியாக வெளுத்த நீலத்தில் ஒரு துண்டு வந்தது. அதன் நூல் காகிதம்போல் எரிந்து, அம்மாவின் விரலில் சாம்பலாக உதிர்ந்தது.

"கலர் ஒத்து வராதேம்மா, ஸ்கூல்ல திட்டுவாங்க."

"நான் பேசிக்கறேன்ணா, வெட்டுங்க."

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அம்மா தங்கச்சியின் சட்டையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தாள். புதிதாக ஒரு கீறலும் இல்லை. அப்புறம்தான், "டீச்சர் என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாள்.