ஐயனின் முழங்கால்

என் வீட்டுக்காரர் செய்த வேலையைக் கோயம்புத்தூரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேலை இல்லாவிட்டால் இந்த ஊரில் பல பேர் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியிருக்காது. அவர் பேட்டர்ன் செய்கிறவர். பம்பின் உடம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால், அதே வடிவத்தில் மரத்தில் ஒன்று செய்தாக வேண்டும். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். அதை மண்ணில் புதைத்து, மண்ணை இறுக்கி, அலுங்காமல் வெளியே எடுத்தால் உள்ளே அச்சுப் பிசகாமல் ஒரு பள்ளம் இருக்கும். அதில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு பம்பாகி ஊர் ஊராகப் போகும். மரத்தைத் தூசி தட்டித் திரும்பவும் ரேக்கில் வைத்துவிடுவார்கள்.

கல்யாணமாகி சோமனூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. எங்கள் வீட்டில் தறி ஓட்டினார்கள். நெய்த துணியை விரித்துக் காட்டி, இது நாங்கள் ஓட்டியது என்று நாலு பேரிடம் சொல்லலாம். இவர் வேலையை எங்கே போய் விரித்துக் காட்டுவது? ஒருமுறை சொந்தக்காரர் தோட்டத்துக்கு விருந்துக்குப் போயிருந்தோம். கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருந்த பம்பைத் தடவிப் பார்த்து, "இந்த வளைவு என்னுதாக்கும்" என்றார். பம்பின் மேல் கம்பெனியின் பெயர் புடைப்பாக இருந்தது. அந்த எழுத்துகளையும் மரத்தில் செதுக்கியவர் இவர்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் பெயரையெல்லாம் செதுக்குகிற மனுஷன், ஒரு மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தையாவது போட்டால் என்ன என்று கேட்டேன்.

"போட்டா பீஸை ரிஜெக்ட் பண்ணிருவாங்க புள்ளெ" என்று சிரித்தார். அவருக்கு அது சிரிப்பு. எனக்கு அது பல வருஷம் உள்ளே கிடந்து அரித்தது.

அதனால்தான் நூலகத்தில் வாயைக் கொடுத்தேன்.

எங்கள் பகுதி நூலகத்தைப் புதுப்பித்தபோது, படிக்கிற கூடத்துச் சுவரில் ஒரு மாடம் கட்டி, தேக்குச் சட்டம் அடித்து, கண்ணாடிக் கதவும் போட்டார்கள். உள்ளே ஐயன் சிலையை வைப்பதென்று வாசகர்கள் கூடி முடிவு செய்திருந்தோம். ஐயன் யாரென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாடியும் கொண்டையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ஓலையும் மறு கையில் எழுத்தாணியும் வைத்திருப்பார். பஸ்ஸில் ஏறியதும் இரண்டே வரியில் நமக்குப் புத்தி சொல்லுகிற அதே ஐயன்தான்.

எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா. தங்கமான மனுஷி. ஆனால் ஒரு காரியம் தான் நினைத்தபடி முடியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிளாஸ்டரில் ஒரு சிலையைக் கடையில் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஏனுங்க டீச்சரம்மா, மரத்துல செஞ்சா ஆகாதுங்களா? எங்கூட்டுக்காரரு செய்வாருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு மோட்டார் பீஸ் செய்யறவருதானுங்களே அம்மணி?"

உள்ளதைத்தான் சொன்னார். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க, அவரேதான். உங்க மாடத்துல ஒரு காயிதம் நுழையற சந்து மட்டும் உட்டு, கச்சிதமா உக்கார வெச்சுக் காட்டுவாருங்க, பாருங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மூஞ்சி செஞ்சு பழக்கமில்லையே புள்ளெ" என்றார்.

"பம்புக்கு வாயும் வயிறும் வெச்ச கைக்கு மூக்கு வைக்கத் தெரியாதுங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

பழகிக்கொள்வதற்காக முதலில் முழ உயரத்தில் ஒரு சின்ன ஐயனைச் செய்தார். மேனியெல்லாம் அருமையாக வந்தது. முகம் மட்டும் எங்களுக்கு வேலை கொடுக்கிற ஃபவுண்டரி முதலாளியின் சாயலில் வந்துவிட்டது. "இன்னிக்கே டெலிவரி வேணும்னு கேக்கறாப்பல முழிக்கறாரு" என்றேன். அவரும் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அந்த ஐயன் எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய ஐயனுக்கு மரம் தயாராக இருந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் என் அக்கா வீட்டுத் தோப்பில் காற்றுக்கு விழுந்த வாகையை அறுத்து, நன்றாகக் காயவைத்து, எங்கள் பேட்டர்ன் கடையில் அடுக்கியிருந்தோம். கடையில் ரவுட்டர் மெஷினும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் அதுவே மரத்தைச் சீவித் தள்ளும். அதை ஓட்டுவதிலும் இவர் கெட்டிக்காரர்தான். இருந்தாலும், ஐயனை உளி பிடித்துத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயனுக்கு மட்டும் கடை திறந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு.

கை பழகின விதத்தில்தான் போகும் என்பதை அப்போது பார்த்தேன். பேட்டர்ன் மண்ணில் சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதற்காக அடியை அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் சீவுவார்கள். டேப்பர் என்பார்கள். ஐயனுக்கும் அதே டேப்பர் வந்துவிட்டது. அதனால் அவர் யார் தள்ளினாலும் அசையமாட்டேன் என்பது போல நன்றாக அழுந்தி உட்கார்ந்தார். தாடியிலும் மண் கடிக்கிற மாதிரி ஆழமான குழி ஒன்றுகூடக் கிடையாது. அலை அலையாக வழுவழுவென்று இறங்கியது. எழுத்தாணியைத் தனியாகச் செய்து விரல்களுக்கு நடுவில் செருகினார். "இவரை மண்ணுல போட்டு எடுக்கவா போறீங்க?" என்று கேலி செய்தேன். கேலி செய்தேனே தவிர, அந்தத் தாடியைப் போல ஒரு தாடியை நான் எந்தச் சிலையிலும் பார்த்ததில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் தடுமாறினார். ஐயன் கட்டியிருக்கிற வேட்டி. முழங்காலின் மேல் விழுந்த மடிப்பெல்லாம் தகரத்தை வளைத்த மாதிரி இருந்தது. துணி விஷயத்தில் நான் சும்மா இருப்பேனா? பீரோவிலிருந்து நல்ல பருத்தி வேட்டி ஒன்றை எடுத்து வந்து, கடையில் மரத்தூளின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் முழங்கால்களின் மேல் விரித்துக்கொண்டேன். எங்கே துணி இழுபடும், எங்கே தளரும், எங்கே தன் கனத்தால் தானே படியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். கால் மரத்துப்போனாலும் அசையவிடவில்லை. அந்த மடிப்புகள் முடிந்த அன்று விரலால் தடவிப் பார்த்தேன். துணியேதான். பிறந்த வீட்டுத் தொழிலும் புகுந்த வீட்டுத் தொழிலும் அந்த முழங்காலில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஐயனைச் சென்னிமலைப் பெட்ஷீட்டில் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். கடை ஆட்கள் இருவரும் இவரும் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். பெட்ஷீட்டை விலக்கியதும் டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

கண்ணாடிக் கதவைத் திறந்து, தூக்கி, மாடத்துக்குள் தள்ளினார்கள். ஐயன் உள்ளே போகவில்லை. இடது முழங்காலை உள்ளே விட்டால் வலது முழங்கால் சட்டத்தில் இடித்தது. வலதை விட்டால் இடது இடித்தது. தலைக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது. முழங்கால்கள்தான் இடித்தன. கீழே இறக்கி வைத்து, டேப்பைப் பிடித்து மாடத்தை அளந்தார்கள். இவர் எழுதி வைத்திருந்த அளவு சரியாகவே இருந்தது. ஐயனை அளந்தார்கள். அவர்தான் கூடுதல்.

என் வீட்டுக்காரர் பையைத் திறந்து, கடையில் எப்போதும் பெஞ்சின் மேலேயே கிடக்கிற எஃகு ஸ்கேலை எடுத்தார். டேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றாக இருந்தன. போகப்போக ஸ்கேலின் கோடுகள் விலகி முன்னே போய்விட்டன. இரும்பு சுருங்குவதற்காக, இடைவெளியைக் கொஞ்சம் விரித்தே கோடு போட்ட ஸ்கேல் அது. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். காலமெல்லாம் அவர் கைக்கு வந்தது அதுதான். மாடத்தை டேப்பில் அளந்தவர், மரத்தை அந்த ஸ்கேலில் அளந்துவிட்டார்.

"ஐயனை இரும்புல வார்க்கறாப்பல அளந்துபோட்டேனுங்க" என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், கடை ஆட்களும் சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில விழா. வெறும் மாடத்தைக் காட்டியா கண்ணாடியைத் தெறக்கறது?" என்றார். அவர் கவலையும் நியாயம்தான். "ரண்டு முழங்காலையும் கொஞ்சம் சீவி உட்ருங்க. மேல பாலிஷ் போட்டா யாருக்குங்க தெரியப்போகுது?"

இவர் உளியை எடுத்தார். ஐயனின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது முழங்காலின் மடிப்புகளை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு உளியைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"சீவ மாட்டேனுங்க. நீங்க அந்தக் கடைச் சிலையே வாங்கி வெச்சுக்கங்க. இவரை நான் எடுத்துட்டுப் போயிடறேன். ரேக்குல எடம் இருக்குதுங்க."

ரேக் என்ற சொல் காதில் விழுந்ததும் என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அவர் செய்த ஒரே வேலை இது. இதுவும் போய் அந்தப் பம்பு பேட்டர்ன்களோடு தூசியில் உட்கார வேண்டுமா?

"இரும்புதானுங்க டீச்சரம்மா ஆறினாச் சுருங்கும்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. "ஐயன் எதுக்குங்க சுருங்கோணும்? உங்க மாடம் பத்தலீன்னா அதுக்கு அவரு முழங்காலைச் சீவறதுங்களா?"

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்ப மாடத்துல என்னத்த வெக்கறதுங்க அம்மணி?" என்று டீச்சரம்மா கேட்டார். இந்த முறை உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார்.

"ஊட்டுல டிவி பக்கத்துல சின்ன ஐயன் உக்காந்திருக்காருங்க. போயி எடுத்துட்டு வாரேன். பெரியவரு இங்கயே, பேப்பர் மேசைக்குப் பக்கத்துல, சனத்தோட சனமா உக்காரட்டுங்க."

டீச்சரம்மா ஐயனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே போய் ஜன்னலோரத்திலிருந்து அகலமான பெஞ்சை இழுத்தார். இழுக்க முடியாமல் திணறினார். கடை ஆட்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

மறுநாள் விழா நன்றாக நடந்தது. கண்ணாடிக்குள் முதலாளி சாயல் ஐயன் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருக்க, கூட்டம் முழுவதும் வெளியே இருந்த பெரியவரைத்தான் சூழ்ந்து நின்றது. அன்று முதல் அவர் அங்கேதான் இருக்கிறார். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு இரண்டு முழங்கால்களும் பளபளவென்று ஆகிவிட்டன. நான் எத்தனை உப்புத்தாள் போட்டிருந்தாலும் அந்தப் பளபளப்பு வந்திருக்காது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அவர் மேல் சாய்ந்துகொண்டு படிக்கிறார்கள். எழுத்தாணியை யாராவது உருவிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடுவார்கள். டீச்சரம்மாவுக்கு இப்போது மூட்டு வலி. நாற்காலியிலிருந்து எழும்போது ஐயனின் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். என் முழங்காலைப் பிடித்து எழுவது போலவே எனக்குத் தோன்றும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். ஐயனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தாடியைத் தடவினார், வேட்டி மடிப்பைக் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன்.

"இது எந்த ஊர் சிற்பி செஞ்சதுங்க?" என்று வந்தவர் கேட்டார்.

டீச்சரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிற்பியெல்லாம் இல்லீங்க. எங்க ஊர்ல மோட்டார் பீஸ் செய்யறவருங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்ற அதே சொற்கள்தான். இப்போது தன் சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சொன்னார். "அதா, அங்க உக்காந்திருக்காரு பாருங்க."

வந்தவர் நேராகப் போய் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குக் கையை எப்படி விடுவித்துக்கொள்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்று, ஐயனையும் வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசாப் போச்சுங்க" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க. அளவு சரியாத்தான் இருக்குது" என்றார் டீச்சரம்மா.