பஞ்சாலை படுத்திருந்த பொங்கல்

மங்கம்மா வெந்நீரில் அவித்த துணியைப் பிழிந்து, பஞ்சாலையின் கணுக்காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். சீழ் இல்லை, நாற்றம் இல்லை. புண்ணின் மேல் புதுத்தோல் மூடியிருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"ஆறலை. கட்டிலை விட்டு இறங்கினே, காலை எடுக்க வேண்டியதுதான்."

"இன்னிக்குப் பொங்கலாச்சேக்கா!"

"பொங்கல் அடுத்த வருசமும் வரும்லா. கால் வருமா?"

துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மங்கம்மா ஆஸ்பத்திரி ஆயா. ஊசி மருந்து போடும் டிரஸ்ஸர் திருநாவுக்கரசுக்குக் கண் மங்கிவிட்டதால், புண்ணைப் பொறுத்தவரை அவள் சொன்னதுதான் தீர்ப்பு. பொங்கல் மாலையிலோ அவளுக்கு இன்னொரு பதவி இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்று கேலிப்பாட்டு சொல்வார்கள். யாரும் கோபிக்கக் கூடாது; கேலிக்கு ஆளானவர் சொன்னவருக்குத் தன் கையால் வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். கடைசிப் பாட்டு மங்கம்மாவுடையது. கங்காணிகூட அவளுக்கு வெற்றிலை மடித்திருக்கிறார்.

ஜப்பான்காரன் வந்தும் அது நிற்கவில்லை. பஞ்சாலை வந்த பிறகுதான் மங்கம்மாவின் பதவி ஆட்டம் கண்டது. புருசனைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போக, ரஹாங் பக்கமிருந்து வந்து சேர்ந்தவள். மரவள்ளிக்காட்டில் அவள் வாயைத் திறந்தால் பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "இந்தப் பொங்கலுக்குப் பஞ்சாலையைக் கடைசியா விடலாம்லா" என்று யாரோ சொன்னது மங்கம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருந்தது, மரவள்ளிதான்.

மாலையில் களம் நிறைந்தது. மங்கம்மா எழுந்தாள்.

"காலையிலே மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி,
ராத்திரிக்கு விருந்து வச்சா அதுவும்கூட மரவள்ளி!"

சிரித்தார்கள். பெரியவர்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பு. அடுத்த அடிக்கு அவள் மூச்சை இழுத்தபோது ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வெடித்ததே ஒரு சிரிப்பு! நோயாளிகள் கட்டிலைத் தட்டினார்கள். களத்தில் தலைகள் திரும்பின. முதலில் பிள்ளைகள் ஓடினார்கள், பிறகு பெண்கள், கடைசியில் கங்காணி. வேறு வழியில்லாமல் மங்கம்மாவும் போனாள்.

பஞ்சாலை கட்டிலில் சப்பணமிட்டு, கட்டுப்போட்ட காலைத் தட்டித் தாளம் போட்டாள்.

"டிரஸ்ஸரய்யா ஊசி எடுத்தா நமக்குத்தான் நடுக்கம் வரும்,
மங்கம்மாக்கா முழி முழிச்சா ஊசிக்கே நடுக்கம் வரும்!"

இருமிக்கொண்டே கிடக்கும் நல்லசாமிக் கிழவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். அவருக்கு எத்தனை கஷாயம் கொடுத்தும் மங்கம்மா பார்க்காத சிரிப்பு.

"ஆயா, வெத்தலை! வெத்தலை!"

கொடுக்காமல் முடியாது. மடித்துக் கொடுத்தாள். பாட்டு நன்றாக இருந்ததுதான் அவளால் தாங்க முடியாதது.

மறுநாள் காலை, டிரஸ்ஸர் வருமுன் மங்கம்மா கட்டை அவிழ்த்தாள். "எந்திரிச்சுப் போ. ஆறிப்போச்சு."

"முந்தியே ஆறிட்டது தெரியும்க்கா," என்றாள் பஞ்சாலை மெதுவாக. "இங்கே கிடந்தா அரிசிக் கஞ்சி கிடைக்குது. அதான் நீ சொன்னதுக்குத் தலையாட்டினேன்."

மங்கம்மாவின் முகம் சிவந்தது. வெளியே மரவள்ளிக்காட்டுக்குப் போகும் பெண்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "பஞ்சாலை, வரியா? அந்தப் பாட்டை இன்னொரு தரம் சொல்லேன்!"

மங்கம்மா யோசித்தாள். இவள் வெளியே போனால் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் பாட்டுப் போகும். இங்கே கிடந்தால் கேட்க நோயாளிகள் மட்டும்தான்.

"நீட்டுடி காலை," என்றாள். புதுத்துணி எடுத்து, ஆறிய காலுக்கு முழங்கால்வரை கட்டுப் போட்டாள். டிரஸ்ஸர் வந்ததும், "இன்னும் ஆறலைங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.