மௌசிம்

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். காலிடுக்கில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர். தக்கலை தாண்டியதும், வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழையின் முதல் தூற்றல் விழுந்தது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். அவர் மட்டும் கையை வெளியே நீட்டுவதும், நனைந்த கையால் முகத்தைத் துடைப்பதும், மறுபடி நீட்டுவதுமாக இருந்தார். சாரல் பக்கத்தில் இருந்த என் சட்டையை நனைத்தது.

"அண்ணாச்சி, ஷட்டர இறக்குங்க."

"கொஞ்சம் பொறு மக்கா. எப்ப வந்தாலும் மழைக்கு முந்தியே லீவு தீந்திரும். இந்தத் தடவ பஸ்சுல வச்சாவது பாத்துக்கிடுதேன்."

எரிச்சலை மறைக்கப் பேச்சுக் கொடுத்தேன். மழைக்காலத்தை மான்சூன் என்கிறோமே, அந்தச் சொல் 'மௌசிம்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது, பருவம் பார்த்துக் கப்பலோட்டியவர்களின் வார்த்தை என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"மௌசிமா? பேரீச்சம்பழம் பறிக்கிற காலத்துக்கு எங்க முதலாளி அதத்தானே சொல்லுவாரு!" கையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்பம் பேரு இத்தன வருசமும் அங்க எங்கூடத்தான் கெடந்திருக்கு. மழைதான் இல்ல."

களியக்காவிளையில் மழை விட்டது. அதன் பிறகுதான் அவர் ஷட்டரை இறக்கினார்.