இருவாச்சிப் படம்

இது நடந்தது. யாரையும் நம்பவைக்க அதாவுல்லா ஒருநாளும் முயன்றதில்லை. ஆனால் அவர் இட்டுக்கட்டிப் பேசுகிற ஆள் இல்லை. படத்தில் ஒரு மீன்கொத்தியின் காலுக்குத் தப்பான வண்ணம் அடித்திருந்தால், அதையே நினைத்துத் தூக்கம் கெடுகிற மனிதர்.

1963, ஐப்பசி மாதம். வாணியம்பாடியில் அவர் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். மண்டியைத் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். அதாவுல்லா பழைய பறவைப் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தியவை. கல்லில் அச்சிட்டு, ஆள் வைத்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். பறவையின் கண்ணில் மட்டும் கொஞ்சம் பிசின் தடவியிருப்பார்கள். விளக்கைச் சாய்த்தால் கண் மினுங்கும்.

மனைவி ஃபக்ருன்னிசா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தம்பி வீட்டிலிருந்து இரண்டு வேளைக்கும் தூக்குச் சட்டியில் சோறு வரும். தூக்கை வாங்கும்போது 'சரிம்மா' என்பார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான்.

அவரிடம் இருந்ததிலேயே அரிய புத்தகம் இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகம் மட்டும் கிடைத்திருந்தது. மற்றதை மதராஸில் தேடினார். பெங்களூரில் தேடினார். வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன பங்களாக்களில் எல்லாம் போய்க் கேட்டார். இல்லை. அதைப் பார்க்காமலே செத்துப்போவோம் என்று நம்பத் தொடங்கியிருந்தார்.

தோல் பதனிட மண்டிக்குக் கடுக்காய் கொண்டுவரும் சத்தார்தான் அந்தச் சேதியைச் சொன்னான்.

"அதா பாய், உன் சொந்தக்காரங்க மலை மேலயும் இருக்காங்க."

"யாரு?"

"குருவிங்கதான். ஜவ்வாது மலைல ஒரு ஓட்டு வூடு. முன்ன ஒரு தொரை இருந்தானாம். இப்ப யாரோ கெழவி இருக்கா போல. ஜன்னல் வழியா பாத்தேன். மேஜை மேல இம்மாம் பெரிய பொஸ்தகம். மூக்கு மேல கொம்பு வெச்ச பறவை ஒண்ணு."

"இருவாச்சி."

"இன்னாவோ. போய்ப் பாரு. புடிச்சிருந்தா நிக்காஹ் வெச்சுடலாம்."

தம்பிகள் சிரித்தார்கள். அதாவுல்லாவுக்குக் காதில் விழவில்லை. இருவாச்சி இரண்டாம் பாகத்தில்தான் வரும்.

மறுநாளே கிளம்பினார். ஆலங்காயம் வரை பஸ். அதற்கு மேல் நடை. சாமைக் கொல்லைகளைத் தாண்டும்போது மூடுபனி இறங்கிவிட்டது. வழியில் ஒரு குளம். கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி, அவரைக் கண்டதும் எழும்பிக் கத்தியது. அவர் கடந்து போனதும் அடங்கியது.

வீடு தனியாக இருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

"வூட்ல யாருங்க?"

பதில் இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. மூலையில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. பகலில் எதற்கு விளக்கு என்று நினைத்தார். அடுப்பில் புகை இல்லை. முற்றத்தில் ஒரு கோழிகூட இல்லை.

மேஜைமேல் புத்தகம்.

அதே கட்டு. அதே பச்சைத் தோல். படத்தைக் காக்க மேலே போட்டிருந்த மெல்லிய தாளை விரல் நுனியால் தூக்கினார். பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் இருந்தது. வாசலை மண்ணால் பூசி அடைத்திருந்தது. ஒரு கீறல் மட்டும். அந்தக் கீறல் வழியே அலகு. வெளியே ஆண், வாயில் பழத்தோடு.

"அந்தப் பொட்டைய ஏன் உள்ள போட்டு அடச்சு வெச்சிருக்காங்க?"

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. பெண் குரல். ரொம்ப நாள் புழங்காத குரல்போல வறண்டிருந்தது.

"யாரும் அடைக்கலீங்க," என்றார் அதாவுல்லா. "அதுவா அடச்சுக்கும். முட்டை வெச்சு, குஞ்சு வளர்ற வரைக்கும். ஆம்பள வந்து தீனி குடுக்கும்."

"வரலன்னா?"

அவர் படத்தில் இருந்த அலகைப் பார்த்தார்.

"வரலன்னா... செத்துடுங்க."

மெல்லிய தாள் படத்தின்மேல் எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. காற்று இல்லை.

"இந்தப் பொஸ்தகத்தைக் குடுப்பீங்களா? நீங்க கேக்கறதைத் தர்றேன்."

"அப்பறம் இங்க இன்னா இருக்கும்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இன்னொரு நாள் பேசிப் பார்க்கலாம்.

"சரிங்கம்மா. வர்றேங்க."

"வருவீங்களா?"

"வர்றேன்," என்றார் மறுபடியும். எல்லாரும் சொல்வதுதான்.

இறக்கத்தில் நாலைந்து பேர் எதிரே வந்தார்கள். தலை ஈரம். ஒருவன் தோளில் மண்வெட்டி. அவன் பெயர் அர்ச்சுனன்.

"எங்கேர்ந்து வர்ற சாய்பு?"

"அந்த ஓட்டு வூட்லேர்ந்து. ஒரு பொஸ்தகம் பாக்க வந்தேன்."

"அங்க யாரு இருக்காங்க? அங்க இருந்த கெழவி கன்னியம்மாளைப் பொதச்சுட்டு இப்பதான் ஆத்துல முழுகிட்டு வர்றோம்."

அதாவுல்லா திரும்பி மேட்டைப் பார்த்தார். கழுவிய தரை. மூலையில் அகல். பிணம் எடுத்த வீடு.

குரல் கேட்டதைச் சொல்ல வாய் எடுத்தார். சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டுப் பக்கம் விடமாட்டார்கள்.

"அவங்க ஜாமானெல்லாம்?"

"காலைல கொளுத்திடுவோம். துணிமணி, காயிதம், எல்லாம்."

"அந்தப் பொஸ்தகம்..."

"வேணும்னா எடுத்துக்கோ. எங்களுக்கு இன்னாத்துக்கு? ஆனா சாவு வூடு. சொல்லிக்காம வந்துடு. 'வர்றேன்'னு சொல்லிட்டா எதிர்பாத்துக்கினு குந்தினு இருக்கும்."

இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

அர்ச்சுனன் லாந்தரோடு குளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வதாகச் சொன்னான். அதாவுல்லா திரும்பி ஏறினார். காலையில் அந்தப் படங்கள் சாம்பலாகிவிடும். அது ஒன்றுதான் மனதில்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம். அகல் அணைந்திருந்தது.

உள்ளறைக் கதவு இப்போது முழுக்கத் திறந்திருந்தது.

அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடினார். இரண்டு கையாலும் தூக்கினார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வாசலுக்கு வந்தார்.

"எடுத்துட்டீங்களா?"

பேசவில்லை.

"போறீங்களா?"

பேசவில்லை. படியில் ஒரு கால் வைத்தார்.

"இருங்க... நானும் வர்றேன்."

ஓடவில்லை. புத்தகத்தோடு ஓட முடியாது. நடந்தார். குளத்தங்கரை வந்தது. ஆள்காட்டி எழும்பிக் கத்தியது. அவரைப் பார்த்துத்தான்.

தாண்டினார். அது அடங்கியது.

பத்தடி போயிருப்பார்.

பின்னால்...

மறுபடி கத்தியது.

அர்ச்சுனன் லாந்தரைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நடந்தான். ஊர் வரும்வரை ஒருதடவைகூடத் திரும்பவில்லை.

வாணியம்பாடி வீட்டில், முதல் பாகத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் பாகத்தை வைத்தார். தம்பி மனைவி சுபைதா தூக்கோடு வாசலில் நின்றவள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பெரிய பாய், உள்ள யாரு பேசிக்கினு இருந்தது?"

"யாருமில்லம்மா."

அதற்குப் பிறகு அவள் தூக்கை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் பயந்தார். ஓதிப் பார்த்தார். மண்டியிலேயே படுத்துப் பார்த்தார். குரல் ஒன்றும் செய்யவில்லை. கேள்விதான் கேட்டது. இது இன்னா குருவி, எங்க கூடு கட்டும், சோடி செத்தா இன்னா பண்ணும். அவர் பதில் சொன்னார். பிறகு ஃபக்ருன்னிசாவைப் பற்றிச் சொன்னார். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். பாவம் கிழவி, தனியாகக் கிடந்தவள் என்று நினைத்துக்கொண்டார். மாலையில் வேகமாக வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

தை மாதம் ஆலங்காயம் சந்தையில் அர்ச்சுனனைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"கன்னியம்மாள் நல்லா பேசறவங்களா?"

அர்ச்சுனன் சிரித்துவிட்டான்.

"பேசறதா? அது பொறவி ஊமை சாய்பு."

டீ ஆறும்வரை அதாவுல்லா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப... கூட வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. ஒண்டிக்கட்டை. வாய்தான் வராது, காது நல்லா கேக்கும். ஆனா ஒண்ணு. மாடு ஓட்டிக்கினு அந்தப் பக்கம் எப்பப் போனாலும் வாசல்லதான் குந்தினு இருக்கும். மழையிலயும் உள்ள போவாது. ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கினு இருக்கும்."

அன்று காலை கிளம்பும்போது அவர் வீட்டு உள்ளறையிலிருந்து குரல் கேட்டிருந்தது. 'சீக்கிரம் வந்துடுங்க.' சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

வாணியம்பாடி பஸ் வந்து நின்றது.

"ஏறு பாய். இதுக்கப்பறம் வண்டி இல்ல," என்றான் கண்டக்டர்.

அதாவுல்லா ஏறினார். போவதற்கு அவருக்கு வேறு வீடு இல்லை.