மந்திர வாளுக்கு ஒரு நாள் ஓய்வு

என் தம்பி மூன்று ஆண்டுகளாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். பகலில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில், பிறர் சொன்ன திருத்தங்களைச் செய்யும் வேலை. மாலையில் ஸ்ரீரங்கத்து வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அவனுக்கு உலகம். நான் தென்னூரில் நூலக வேலை முடித்துத் திரும்பும்போது, லேப்டாப்பைத் திறந்து வைத்து எனக்காகக் காத்திருப்பான். கதை எழுதும் பொறுப்பு என்னுடையது.

சதுரங்கம் போலக் கட்டங்கள். முறை வைத்து நகர வேண்டும். களம் எங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் முக்கொம்பு அணை. மதகுப் பாலத்தைத் தாண்டி வரும் படையை ஐந்தே வீரர்கள் தடுக்க வேண்டும். அவர்களில் ஒருத்தியிடம் மந்திர வாள் இருந்தது. அந்த வாள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் மூன்று மாதச் சண்டை.

"வெச்சிருக்கறவளோட மந்திர பலம் எவ்வளவோ, அடி அவ்வளவு. ஒவ்வொரு முறையும் அடிக்கலாம். அவ்வளவுதான்க்கா."

"சாதா வாளை விட நாலு புள்ளி கூட. அதுக்கு எதுக்குடா மந்திரம்னு பேரு?"

"சரி, நீயே சொல்லு."

"ஒரே அடியில ஆள் விழணும். ஆனா ஒரு தரம் அடிச்சா அடுத்த முறை வாள் தூங்கணும். அவ வெறுங்கையோட நிக்கணும். கூட இருக்கறவங்க சுத்தி நின்னு காப்பாத்தணும். அதுலதான் ஆட்டமே இருக்கு."

"ஆடறவன் கொட்டாவி விட்டுட்டுப் போயிடுவான். லைப்ரரி இல்லக்கா இது."

நான் விடவில்லை. ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்த அப்பா, ஆயுத பூஜையன்று தம் ஸ்பானர்களுக்குச் சந்தனம் வைத்துப் படைப்பார். மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை ஒரு நட்டைக்கூட முறுக்க மாட்டார். ஓய்வில் இருக்கும் கருவிக்குத்தான் அந்த மரியாதை என்று எனக்குத் தோன்றும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவனைக் கரைத்தேன்.

அந்தப் புரட்டாசியில் பெங்களூரில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஆட்களைத் தேடியது. செய்த விளையாட்டை இணையத்தில் அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை. தொழிற்சாலையை விட்டு வெளியேற அவனுக்கு இருந்த ஒரே வாசல் அது. கடைசி நாள் ஆயுத பூஜையன்றே வந்தது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வாளின் விதி முடிவாகாததால்தான் அதுவரை அனுப்பாமல் வைத்திருந்தான். அன்று காலை என் விதியையே எழுதி முடித்து, "ஜெயிச்சிட்ட, போ" என்றான்.

குளித்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று எழுந்து போனான். அதற்குள் அம்மா லேப்டாப்பை எடுத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் படைத்துவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் எடுத்துக்கறேம்மா."

"படைச்சதை எடுக்கறதா? உங்கக்காவைக் கேளு. அவ சரின்னா எடுத்துக்கோ."

அவன் என்னைப் பார்த்தான். நான் வெற்றி பெற்ற மிதப்பில் இருந்தேன்.

"மந்திர வாளுக்கே ஓய்வுன்னு இப்பதான் ஒத்துக்கிட்ட. அதுக்குள்ள மீறுறியா?"

"விளையாடாதக்கா. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"ஆயுத பூஜையன்னிக்கு எந்த ஆபீஸ்லடா உக்காந்து பாப்பாங்க? அவங்க கம்ப்யூட்டர்லயும் இப்ப சந்தனம்தான் இருக்கும். நாளைக்குக் காலையில அனுப்பு, எடுத்துப்பாங்க."

அவன் சிரித்தான். அப்பாவுக்குப் பின் அந்த வீட்டில் என் சொல்லை அவன் தட்டியதில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை பூஜை முடிந்து, குங்குமத்தைத் துடைத்து லேப்டாப்பைத் திறந்தான். அனுப்பும் பக்கம் மூடியிருந்தது. அதை மூட எந்த ஆபீசிலும் எவரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நேரம் வந்ததும் அது தானாகவே மூடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கடிதம் எழுதினான். அடுத்த முறை முயலுமாறு ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த முறை என்ற ஒன்றை அந்த நிறுவனம் அறிவிக்கவேயில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாக நானும் எதையாவது சொல்லி அழுதிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மீண்டும் சாப்பாடு மட்டுமே பரிமாறப்பட்டது. ஆறு ஆண்டுகளாக அதே வரைபடப் பிரிவு, அதே திருத்தங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டேன்: "அந்த கேம் இருக்காடா? ஒரு ஆட்டம் போடலாமா?"

மறுக்காமல் திறந்தான். நான் ஐந்து வீரர்களையும், அவன் எதிர்ப்படையையும் எடுத்துக்கொண்டோம். வாள் வைத்திருந்தவளை ஆசையோடு பாலத்தின் நடுவரை நகர்த்தி ஓங்கி அடித்தேன். ஓர் எதிரி வீழ்ந்தான். அவள் வெறுங்கையோடு நின்றாள். மற்ற நால்வரும் கரையிலேயே இருந்தார்கள்.

அவன் மெல்ல ஓர் ஈட்டிக்காரனை நகர்த்தி அவளை வீழ்த்தினான்.

"நீ வெச்ச விதிதான்க்கா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாள் தூங்கட்டும், தப்பில்ல. சுத்தி நிக்க வேண்டியவங்க நிக்கலையே."